கோட்டைச் சுவரிலிருந்து தேர்வடம் வரை

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்க் கோட்டையில் சிவகங்கைச் சீமையை ஆண்ட பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் கிழக்கிந்தியக் கும்பினியார் தூக்கிலிட்டார்கள். அவர்களோடு சேர்த்து உறவினர்களையும் படைத்தலைவர்களையும் தொங்கவிட்டார்கள். காரைக்குடிக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊர் அந்த நாளை மறக்கவில்லை. பேருந்து நிலையத்தையொட்டி நினைவுத்தூண் நிற்கிறது. சுவீடிஷ் மிஷன் மருத்துவமனைப் பக்கம் நினைவு மண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் அரசு விழா நடக்கிறது. அந்த விழாவில் வீரத்தைப் பேசுகிறோம், வளரியைப் பேசுகிறோம், காட்டிக்கொடுத்தவர்களைப் பேசுகிறோம். தூக்குக்கு நான்கு மாதம் முன்னால் சின்ன மருது எழுதி ஒட்டிய அறிக்கையை மட்டும் பெயரைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். வாழ்நாளெல்லாம் இந்த வட்டாரத்து வரலாற்றைப் படித்துவரும் எனக்கு அதில்தான் ஆதங்கம். கும்பினியின் பிடியிலிருந்து பிரிந்து தனியாக நிற்கத் துணிந்த ஒரு அரசு, தன்னை யாருக்கான அரசு என்று நினைத்தது, யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தது என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கிறது.

ஜூன் 16 அன்று அது திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் நவாபு அரண்மனைச் சுவரிலும், ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. இடத்தைத் தேர்ந்ததிலேயே யோசனை இருந்தது. திருச்சிக் கோட்டையில் கும்பினியின் சிப்பாய்கள் இருந்தார்கள். ஸ்ரீரங்கத்துக்கு நாலு திசையிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்துபோனார்கள். சிறுவயலில் உட்கார்ந்திருந்த சின்ன மருது தன் சீமைக்குள் தண்டோரா போட்டிருந்தால் சிவகங்கைக்காரர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர் பேச நினைத்தது, ஜம்புத்தீவு என்று அறிக்கை அழைத்த இந்தத் துணைக்கண்டம் முழுவதோடும். படித்தவன் நகல் எடுத்து அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றும் அறிக்கையே சொன்னது. அச்சுக்கூடம் கைக்கு எட்டாத காலத்தில் ஒரு அரசு தன் கொள்கையை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்க அதைவிட நல்ல வழி இருந்திருக்காது. கும்பினி ஆவணங்களுக்குள் கிடந்த அந்த அறிக்கையைப் பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் வெளிவந்த தன் தென்னிந்தியக் கிளர்ச்சி நூலில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்.

அதன் உள்ளடக்கத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று வரிசையாக விளித்துத் தொடங்குகிறது. நவாபு முகமது அலி அறிவில்லாமல் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்து, எல்லாவற்றையும் இழந்து நிற்கிறார் என்கிறது. வந்தவர்கள் வாக்குத் தவறி நாட்டையே எடுத்துக்கொண்டு, இங்குள்ளவர்களை நாய்களைப் போல நடத்துகிறார்கள். உங்களுக்குள் ஒற்றுமை இல்லை, ஒருவரையொருவர் தூற்றிக்கொண்டு நாட்டை ஒப்படைத்துவிட்டீர்கள் என்று சொந்த மக்களையும் முகத்துக்கு நேரே கண்டிக்கிறது. பிறகு வாக்குறுதிக்கு வருகிறது. அவரவர் வழிவழியாக அனுபவித்துவந்த உரிமை அவரவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆற்காட்டு நவாபுக்கு அவருடையது, திருமலை நாயக்கர் வழியினருக்கு அவர்களுடையது, தஞ்சாவூர் ராஜாவுக்கு அவருடையது. ஐரோப்பியர் இருக்க விரும்பினால் நவாபுக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டு இருக்கலாம். அந்தந்த ஊரிலும் பாளையத்திலும் உள்ளவர்கள் ஆயுதம் எடுத்து ஒன்றுசேர்ந்தால் ஏழை எளியவர்களுக்கும் பிழைப்பு உண்டாகும். சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் என்று படிநிலை சொல்லிக் கும்பினிப் படையில் இருக்கும் நம்மவர்களையும் கூப்பிடுகிறது. கூப்பிட்டும் வராதவனுக்குச் சாபம். தாளைக் கிழிப்பவனுக்குப் பாவம். இந்துவுக்கு இந்துவின் பாவம், முசல்மானுக்கு முசல்மானின் பாவம்.

இதில் சட்டப்பிரிவு எதுவும் இல்லை, மன்றமும் இல்லை, வரி விகிதமும் இல்லை. ஆனாலும் ஒரு அரசின் கொள்கை முழுதாக இருக்கிறது. குடிமக்கள் யார் என்று கேட்டால் நால்வருணத்தாரும் முசல்மான்களும் என்கிறது. நியாயம் எது என்று கேட்டால் முன்னோர் வழியில் வந்த உரிமை என்கிறது. சட்டத்தைக் காப்பது எது என்று கேட்டால் மானமும் பாவபுண்ணியமும் என்கிறது. மதம் வேறானவர்களை ஒரே விளியில் சேர்த்தது பெரிய விஷயம். சருகணி தேவாலயத்துக்குக் கொடை கொடுத்தவர்கள், குன்றக்குடியிலும் காளையார்கோயிலிலும் திருப்பணி செய்தவர்கள் எழுதிய தாள் அது என்பதால் அந்த விளி வெறும் உத்திக்காகப் போட்டது என்று என்னால் நினைக்க முடியவில்லை. இந்த நான்கு வருணத்துக்கும் வெளியே ஊர்க்கோடியில் வைக்கப்பட்டவர்களின் பெயர் மட்டும் அந்த வரிசையில் வரவில்லை. 'ஏழை எளியவர்கள்' என்ற இடத்தில் அவர்களும் அடங்கியிருக்கலாம். அங்கேயும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது பிழைப்புதான். உரிமை என்ற சொல் ராஜாக்களுக்கு மட்டும் வந்தது.

பிரிந்துபோகிற எந்த அரசும் தன் சாசனத்தில் எதற்கு முதலில் வேலி போடுகிறது என்று பார்ப்பது என் வழக்கம். அமெரிக்காவின் தென்மாநிலங்கள் தனி நாடாகப் பிரிந்து 1861 மார்ச் 11 அன்று மான்ட்கமரி நகரில் ஒரு சாசனத்தை ஏற்றன. பெரும்பகுதி பழைய அமெரிக்கச் சாசனத்தின் நகல்தான். மாற்றிய இடங்களில் முக்கியமானது, கறுப்பின அடிமைகளைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்று எழுதிவைத்தது. பத்து நாள் கழித்து அவர்களுடைய துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், வெள்ளையரும் கறுப்பரும் சமம் இல்லை என்பதே தங்கள் அரசின் அடிக்கல் என்று மேடையிலேயே சொன்னார். மருதுவின் அறிக்கையை அந்தச் சாசனத்தோடு ஒரே தட்டில் வைக்க நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். அது பிறரை அடிமையாக வைத்திருக்கப் பிரிந்தது. இது அடிமையாகாமல் இருக்கப் பிரிந்தது. ஆனால் வேலி எங்கே போட்டார்கள் என்ற கேள்வியை நம் வீட்டுத் தாளிடமும் கேட்கத்தான் வேண்டும். இங்கே வேலி வழிவழி உரிமையைச் சுற்றிப் போடப்பட்டது.

கும்பினி அந்த வேலிக்குள் புகுந்தே இவர்களை மடக்கியது. அறிக்கையின் முடிவில் மருது பாண்டியன் தன்னைப் பேரரசர்களின் ஊழியன் என்றுதான் எழுதிக் கையெழுத்திட்டார். அது பணிவுக்காகப் போட்டதில்லை, உண்மை நிலையே அதுதான். 1772-இல் காளையார்கோயிலில் சிவகங்கை ராஜா முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின், அவருடைய ராணி வேலு நாச்சியாரை விருப்பாச்சிக்குக் கொண்டுபோய்க் காத்து, 1780-இல் சிவகங்கையை மீட்டுக்கொடுத்தவர்கள் இந்த அண்ணன் தம்பி. ஆட்சி இவர்கள் கையில் இருந்தது. ஆனால் ராஜா என்ற பட்டம் வேங்கன் பெரிய உடையாத் தேவரிடம் இருந்தது. அவரவர் முன்னோர் உரிமை அவரவருக்கு என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், அப்படியானால் இந்தச் சேர்வைக்காரர்கள் எந்த முன்னோர் உரிமையில் ஆள்கிறார்கள் என்று கும்பினி திருப்பிக் கேட்டது. 1801 செப்டம்பரில் சோழபுரத்தில் படமாத்தூர் கௌரி வல்லபரை அரச வம்சத்து வாரிசு என்று சொல்லிப் பட்டம் கட்டியது. பீரங்கியால் ஒரு மாதத்துக்கு மேல் முயன்றும் காளையார்கோயில் காட்டுக்குள் வழி திறக்க முடியாத கர்னல் அக்னியூவுக்கு அந்தப் பட்டம் வழி திறந்துவிட்டது. மருதுகளின் பக்கம் நின்ற பல குடும்பங்கள் புதிய ராஜாவின் பக்கம் நகர்ந்தன. அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோயில் விழுந்தது.

நவாபு விஷயத்திலும் இதேதான் நடந்தது. ஆற்காட்டு நவாபுக்கு அவருடைய ராஜ்யம் திரும்பும் என்று அறிக்கை எழுதிய ஆறு வாரத்தில், ஜூலை 31 அன்று, புது நவாபு அசீமுத்தௌலா கர்நாடகம் முழுவதன் நிர்வாகத்தையும் கும்பினிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். யாருடைய உரிமைக்காகத் திருப்பத்தூர்ச் சீமையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்களோ, அவரே பேனாவால் அதை விட்டுக்கொடுத்தார். உரிமை மக்களிடம் இருப்பதாக ஒரு சாசனம் எழுதப்பட்டிருந்தால் அதை இப்படி ஒருவர் கையெழுத்தால் பறித்திருக்க முடியுமா என்று நினைத்துப் பார்க்கிறேன். 1801-இல் அந்த எண்ணம் பிரான்சிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டிருந்தது. நம் பக்கம் வர இன்னும் நூற்றைம்பது ஆண்டு ஆனது.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் சிறுவயலைப் பற்றி ஒரு சேதி இருக்கிறது. 1795-இல் அவர் போனபோது சின்ன மருதுவின் மாளிகையில் ஒரு காவலாளிகூட இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், போகலாம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அண்ணன் பெரிய மருது ஆற்காட்டு ரூபாயை விரலால் வளைத்துவிடுவாராம். அதே வெல்ஷ் ஆறு ஆண்டு கழித்து அந்த மனிதரைக் காட்டு மிருகத்தைப் போல விரட்டிய படையில் இருந்தார். தொடை முறிந்து கிடந்த சின்ன மருதுவைச் சிறையில் பார்த்தார், தூக்கு மரத்திலும் பார்த்தார். பிடித்தவர்கள் இந்த நாட்டுச் சேவகர்கள் என்றும் எழுதியிருக்கிறார். இந்த வரியைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். கதவில் காவல் வைக்காமல் ஆண்டவரை இந்த நாட்டு ஆட்களே பிடித்துக்கொடுத்தார்கள் என்றால், அவர்களுக்குப் பயமும் பரிசுத்தொகையும் காரணமாக இருந்திருக்கும். எந்த ராஜா வந்தாலும் நிலம் நமக்கு எழுதப்படப் போவதில்லை என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த டிசம்பரில் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஆயுதங்களை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லித் தன் அறிக்கையை வெளியிட்டார். அடுத்த பிப்ரவரியில் வேங்கன் பெரிய உடையாத் தேவரும், சின்ன மருதுவின் இளவயது மகன் துரைச்சாமியும், இன்னும் பலரும் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1803-இல் சிவகங்கை நிரந்தர ஜமீன் ஆனது. சனது கொடுத்தவன் கும்பினி, வாங்கியவர் வம்சவழி ஜமீன்தார், உழுதவன் பெயர் அந்தத் தாளிலும் இல்லை.

அதே பினாங்கு, மலேயா, சிங்கப்பூர், பர்மா என்று செட்டிநாட்டார் கொண்டுவிற்கப் போன தேசங்களில்தான் அடுத்த பிரிவினைச் சாசனம் எழுந்தது. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூர் கதே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மத சுதந்திரம், சம உரிமை, சம வாய்ப்பு எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்று அந்தப் பிரகடனம் சொன்னது. நாட்டின் பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றுபோலப் பேணும் என்ற வாக்கும் இருந்தது. 1916-இல் டப்ளினில் எழுந்த அயர்லாந்துக் கிளர்ச்சிக்காரர்களின் பிரகடனத்திலும் இதே வாக்கு உண்டு. சாபமும் பாவமும் இருந்த இடத்தில் உரிமையும் உறுதியும் வந்துவிட்டன. போஸும் அவருடைய இந்திய தேசிய ராணுவமும் எடுத்த உறுதிமொழியில் சாதி வரிசை கிடையாது. அந்தப் படையில் நம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்கள் எவ்வளவோ பேர் இருந்தார்கள்.

இதில் செட்டிநாட்டு நகரத்தாரைத் தொட்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் உள்ள தண்டாயுதபாணி கோயில் நகரத்தார் கட்டியது. அந்தக் காலத்தில் அதன் நிர்வாகத்தார் போஸை விழாவுக்கு அழைத்தார்கள். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் வரமுடியாத இடத்துக்கு நான் வர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். நிர்வாகத்தார் யோசித்தார்கள், சம்மதித்தார்கள். போஸோடு அவருடைய முசல்மான் அதிகாரிகள் ஆபித் ஹசனும் கியானியும் உள்ளே போனார்கள், அவர்கள் நெற்றியிலும் திலகம் இட்டார்கள். ஊரில் பரம்பரை முறை தவறாமல் பார்க்கும் ஒரு சமூகத்தார், கடல் கடந்த இடத்தில் புதிய அரசின் கொள்கைக்காகத் தங்கள் கோயில் வாசலைத் திறந்துவிட்டார்கள். சாசனத்தின் வரி ஒரு கோயில் வாசற்படியில் செல்லுபடியான அந்த நாளை நினைத்து நான் செட்டிநாட்டுக்காரன் என்ற முறையில் பெருமைப்படுகிறேன்.

1950-இல் வந்த இந்தியச் சாசனம் 1801 அறிக்கையின் அச்சாணியையே மாற்றியது. அதன் 13-ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று சொல்லி, சட்டம் என்பதில் வழக்காறும் மாமூலும் அடங்கும் என்றும் எழுதியது. வழிவழியாக வந்தது என்பது இனி ஒன்றுக்கு நியாயம் ஆகாது, சமத்துவத்தின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். 15-ஆம் உறுப்பு பாகுபாட்டையும் 17-ஆம் உறுப்பு தீண்டாமையையும் ஒழித்தன. ஜமீன்கள் அதற்கு முன்பே 1948-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தால் போய்விட்டன. கும்பினி சோழபுரத்தில் கட்டிய பட்டத்துக்குக் கீழே இருந்த மண் ரயத்துவாரிக்கு வந்தது. உழுதவரில் கணிசமானவர் பட்டா வாங்கினார்கள். கூலிக்கு உழுதவர்கள் வாங்கவில்லை.

இன்றைய அக்டோபரில் திருப்பத்தூருக்கு வந்து பார்த்தால் சாசனமும் பழைய அறிக்கையும் ஒரே தெருவில் நடந்துபோவதைக் காணலாம். 24-ஆம் தேதி காலையில் வாரிசுதாரர்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள், அமைச்சர்களும் ஆட்சியரும் மாலை போடுகிறார்கள். 27-ஆம் தேதி காளையார்கோயிலில் குருபூசை. மாவட்டத்தில் அந்த நாட்களில் தடை உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. வாடகை வண்டியில் வரக்கூடாது, சொந்த வண்டிக்கு முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், குறித்த பாதையில் குறித்த நேரத்தில் வந்துபோக வேண்டும். சந்திக்குச் சந்தி போலீஸ் நிற்கிறது. மதுரை பஸ் எந்த வழியாகப் போகும் என்று தெரியாமல் கைப்பிள்ளைக்காரிகள் வெயிலில் நிற்கிறார்கள். இளைஞர்கள் சாதிக் கொடி கட்டி, சட்டையில் படம் குத்தி வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஜம்புத்தீவு முழுவதையும் விளித்தவரை ஒரு தெருவுக்குச் சொந்தமாக்கிவிட்டோமே என்றுதான் மனது கேட்கவில்லை. உங்களுக்குள் ஒற்றுமை இல்லாமல் ஒருவரையொருவர் தூற்றுகிறீர்கள் என்று அவர் கண்டித்த வரியை மண்டபத்துக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

பழைய கொள்கைக்கும் புதிய சாசனத்துக்கும் நேருக்கு நேர் மோதல் நடந்த இடம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது: தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் சிவகங்கைத் தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனித் தேரோட்டத்தில் உஞ்சனை, செம்பொன்மாரி, இறவுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாட்டாருக்கும் வழிவழியாக மரியாதை உண்டு. வடம் பிடிக்கத் தங்களுக்கும் உரிமை உண்டு என்று தலித் மக்கள் 1990-களின் பிற்பகுதியில் கேட்டார்கள். நாட்டார் தரப்பு மாமூலைக் காட்டியது. கேட்டவர்கள் சாசனத்தைக் காட்டினார்கள். வழக்கு, பேச்சுவார்த்தை, பந்தோபஸ்து என்று காலம் ஓடியது. இடையில் தேர் ஓடாமலே பல ஆண்டுகள் கழிந்தன. கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளுக்குப் பிறகு, பெரிய போலீஸ் பாதுகாப்போடு 2024 ஜூன் 21 அன்று தேர் ஓடியது.

நாட்டார்களிடம் பேசினால் அவர்கள் சொல்வதில் ஆங்காரம் மட்டும் இல்லை என்பது புரியும். தேருக்கு மரம் கொடுத்தது யார், வடம் திரித்தது யார், முதல் தேங்காய் யாருக்கு என்று ஊர்க் கணக்கு ஒன்று தலைமுறைகளாக இருக்கிறது. அதைவிட்டால் ஊரே குலைந்துவிடும் என்று பெரியவர்கள் மெய்யாகவே நம்புகிறார்கள். அவரவர் உரிமை அவரவருக்கு என்று சின்ன மருது எழுதியபோது இப்படிப்பட்ட ஊர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் அந்தக் கணக்கில் தேருக்குப் பாதை செதுக்கியவன், முட்டுக்கட்டை போட்டவன், பறையடித்தவன் உழைப்பெல்லாம் கடமை என்ற பத்தியில் எழுதப்பட்டது. மரியாதை என்ற பத்தியில் அவனுக்கு இடம் தரவில்லை. அதுதான் தவறு. சாசனத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

வடத்தைப் பொதுவாக்க நீதிமன்றத்தால் முடியும். யாரை முதலில் கூப்பிடுவது, யார் கையில் தேங்காய் கொடுப்பது என்பதையெல்லாம் உத்தரவு போட்டே நடத்திக்கொண்டிருக்க முடியாது. அது நாட்டார் கூட்டத்தில், எல்லாத் தெருக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். டேங்க் ரோட்டில் ஒரு நிர்வாகம் யோசித்துச் சம்மதித்ததைப் போலக் கண்டதேவிக்காரர்களும் சம்மதிக்கிற வரையில், ஒவ்வொரு ஆனியிலும் அந்த ஊருக்குச் சாமி பார்க்க வருகிறவர்களுக்குச் சமமாகப் போலீசும் வந்துகொண்டுதான் இருக்கும்.